தாத்தா எந்தத் தெரு வரை வருவார்?

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் ஒரு சின்ன வாக்குவாதம் கிளம்பாத பங்கு இந்தப் பக்கம் குறைவு. இந்த வருஷக் கேரல் பவனிக்குத் தாத்தா வேஷம் உண்டா இல்லையா என்பதுதான் விஷயம். வேஷம் இல்லாவிட்டால் பிள்ளைகள் பின்னால் வரமாட்டார்கள் என்பார்கள் இளைஞர்கள். "பொறந்தது பாலன். ஊரெல்லாம் ஆடிக்கிட்டுப் போறது தாடி வெச்ச தாத்தாவா?" என்று பெரியவர் ஒருவர் கேட்பார். உபதேசியார் இரண்டு பக்கமும் தலையாட்டுவார். கடைசியில் தாத்தா வந்துவிடுவார். வாக்குவாதம் அடுத்த ஆண்டுக்கு மிச்சமிருக்கும்.

கேள்வி தாத்தாவோடு நிற்பதில்லை. வீட்டில் மரம் வைக்கலாமா, பள்ளிக்கூடத்தில் சீட்டுக் குலுக்கிப்போட்டு ரகசியமாகப் பரிசு கொடுக்கும் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கலாமா, சாமப்பூசைக்குப் போவதற்கு முன்பே கேக் வெட்டலாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்து ஆட்டம்பாட்டம் வைத்தால் அது திருநாளா, பிறந்தநாள் விருந்தா என்று நீண்டுகொண்டே போகும். பின்னால் இருப்பது ஒரே கவலை. வேடிக்கை வளர்ந்து விசுவாசத்தை விழுங்கிவிடுமோ என்ற கவலை.

செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் நடுவே சங்கராபரணியின் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு படுகை அணை கட்டினார்கள். அந்த இடத்தைத் தாண்டும் தண்ணீர் வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு அரியாங்குப்பம் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. வழக்கம் எது, வழிபாடு எது என்ற வழக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்று முகத்தில்தான் மறுபடி கிளம்பி ரோமாபுரி வரை போனது. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் 12.48 லட்சம் மக்களில் கிறிஸ்தவர்கள் 6.3 விழுக்காடு. ஆக, இங்கே கிறிஸ்துமஸ் என்பது பெரும்பாலும் கிறிஸ்தவரல்லாத அக்கம்பக்கத்தின் கண்ணெதிரே, அவர்கள் தட்டுக்கும் பலகாரம் போகிற மாதிரி, கொண்டாடப்படும் திருநாள். ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்கள் இதைப் பற்றி விவாதிப்பதற்கும் நாம் விவாதிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கிருந்தே ஆரம்பிக்கிறது.

அங்கே முதல் கேள்வி பொய்யைப் பற்றியது. கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமாகவே வந்து பரிசு வைத்துவிட்டுப் போகிறார் என்று பிள்ளையிடம் சொல்கிறோம். ஏழெட்டு வயதில் அது கட்டுக்கதை என்று தெரிந்துவிடுகிறது. அதே வாயால்தான் இயேசுவைப் பற்றியும் சொன்னோம். அதுவும் இப்படித்தானோ என்று பிள்ளைக்குத் தோன்றாதா? பக்தியுள்ள பெற்றோரை இது உண்மையாகவே வருத்துகிற கேள்வி. சிலர் தாத்தாவை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுகிறார்கள். சிலர் அவரைப் புனித நிக்கோலாஸாக மாற்றி, மீரா நகரத்து ஆயர் கதையைச் சொல்லி, திருச்சபைக்குள் திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கதை நம் ஊருக்குச் சுருக்கென்று தைக்கக் கூடியது. மூன்று பெண்களுக்குச் சீர் கொடுக்க வக்கில்லாத தகப்பன். ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்குள் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போன ஆயர். கலைமான் வண்டியும் புகைபோக்கியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. வேர்க்கதை வரதட்சணையைப் பற்றியது. இதை நம் மறைக்கல்வி வகுப்புகள் ஏன் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

தாத்தாவை ஒழிக்க நடந்த முயற்சிகளில் மிகவும் பேசப்பட்டது பிரான்சில் நடந்தது. 1951 டிசம்பர் 23 அன்று டிஷோன் நகரத்தில், பேராலயத்தின் முன்னால், தாத்தாவின் கொடும்பாவியைத் தொங்கவிட்டு எரித்தார்கள். சுற்றிநின்றவர்கள் பங்குப் பிள்ளைகள் சில நூறு பேர். குருக்களின் ஒப்புதலோடு நடந்தது. திருநாளைப் புறச்சமயமாக்கிவிட்டான், பிறந்த குழந்தையின் இடத்தைத் திருடிவிட்டான் என்பது குற்றச்சாட்டு. மறுநாள் மாலையே நகரமண்டபத்துக் கூரைமேல் தாத்தா உயிரோடு தோன்றிக் கையசைத்தார். அந்த நேரத்தில் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. டிஷோனில் நடந்ததை வைத்து மானிடவியல் அறிஞர் குளோத் லெவி-ஸ்ட்ராஸ் அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கருத்து நமக்குப் பயன்படும். தாத்தா என்பவர் பெரியவர்களையும் சிறுவர்களையும் பிரிக்கும் ஒரு ரகசியம். ரகசியம் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், தெரியாதவர்கள் மறுபக்கம். தெரிந்துகொள்ளும் நாளில் பிள்ளை பெரியவர்கள் பக்கம் வந்துசேர்கிறது என்பது அது.

நம் தெருவுக்கு வரும் தாத்தாவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அவர் வேறு ஆள் என்று உடனே தெரியும். சிவப்பு சாட்டின் துணியில் தைத்த அங்கி, வயிற்றில் தலையணை, கன்னத்தில் ஒட்டாத பஞ்சுத்தாடி அல்லது பிளாஸ்டிக் முகமூடி, கையில் ஒரு கோல், பின்னால் டிரம் செட். அவர் நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் வருவதில்லை. தெருவே திரண்டு பார்க்க ஆடிக்கொண்டு வருகிறார். மூன்று வயதுக் குழந்தை முகமூடியைப் பார்த்து அழும். அதன் அக்கா, "அழாதடா, நம்ம மெக்கானிக் அண்ணன்தான்" என்று சமாதானம் சொல்லும். ரகசியமே இல்லை. கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர் பகலில் ஏர் ஓட்டுகிறவர் என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தபடியே இரவில் அவரை ராஜாவாக ஏற்றுக்கொள்ளும். தமிழ்நாட்டுத் தென்கோடியில், குமரி மாவட்டத்துத் தெருக்களில் தாத்தா ஆட்டம் இன்னும் பெரிய அளவில் நடக்கும்; அங்கேயும் இதே கதைதான். ஆகவே, பிள்ளையிடம் பொய் சொல்கிறோமே என்ற மேல்நாட்டுக் கவலையை நாம் அப்படியே கடன்வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. இப்போது கைப்பேசியில் படம் பார்க்கும் சில வீடுகளில் தலையணைக்கடியில் பரிசு வைக்கும் பழக்கம் நுழைந்திருக்கிறது. அங்கே அந்தக் கவலையும் சேர்ந்து நுழையும். அந்த வீடுகள் யோசிக்கட்டும்.

விளையாட்டை விரட்டினால் அது வேறு வேஷத்தில் திரும்பும் என்பதற்கு ஜெர்மனி நல்ல சாட்சி. புனிதர்களுக்குச் செலுத்தும் மரியாதையைக் குறைக்க நினைத்த லுத்தரன் மரபினர், டிசம்பர் 6-இல் நிக்கோலாஸ் தரும் பரிசைக் கிறிஸ்துமஸுக்கு மாற்றி, தருபவர் குழந்தைக் கிறிஸ்துவே என்றார்கள். நோக்கம் மிகச் சரியானது. சில தலைமுறைகளில் அந்தக் குழந்தைக் கிறிஸ்து பொன்முடியும் வெள்ளை உடையும் அணிந்த இளம்பெண்ணாக மாறிவிட்டது. நியூரம்பர்க் நகரச் சந்தையை இன்றும் அப்படி வேஷமிட்ட பெண்தான் திறந்துவைக்கிறார். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் செல்வாக்கில் இருந்த நாடாளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸையே ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை அதைக் கொண்டாடினால் அபராதம். இரண்டும் நிலைக்கவில்லை.

நம்மிடையேயும் கிறிஸ்துமஸ் கொண்டாடாத சபைகள் இருக்கின்றன. பெந்தெகோஸ்தே சபைகளில் சில, டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை என்கின்றன. காட்டு மரத்தை வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதைப் பற்றி எரேமியா பத்தாம் அதிகாரம் கண்டிப்பதை எடுத்துக்காட்டுகின்றன. எரேமியா பேசுவது மரத்தில் செதுக்கிய விக்கிரகத்தைப் பற்றி; வரவேற்பறையில் நிற்கும் பிளாஸ்டிக் மரத்தைப் பற்றி அல்ல என்பது என் வாசிப்பு. ஆனாலும் அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. தீபாவளிப் பலகாரத்தைப் படைத்தது என்று மறுத்துவிட்டு, தானும் எதையும் கொண்டாடாமல் இருப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. உரோமையருக்கு எழுதும்போது பவுல் இதற்கு ஓர் ஏற்பாடு சொல்கிறார். நாளைப் பெரிதாக நினைப்பவர் ஆண்டவருக்காக நினைக்கட்டும், நினையாதவரும் ஆண்டவருக்காகவே நினையாதிருக்கட்டும், ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்க வேண்டாம் என்பது அதன் சாரம். ஒரே வீட்டில் அண்ணன் கத்தோலிக்கர், தம்பி பெந்தெகோஸ்தே என்று இருக்கும் குடும்பங்கள் இப்போது பெருகியிருக்கின்றன. அவர்களுக்குத் தாத்தாவைவிட இந்தப் பகுதிதான் டிசம்பரில் அதிகம் தேவைப்படும்.

கத்தோலிக்க வீட்டில் திருநாளின் நடுவே இருப்பது குடில். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ சிற்றூரில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோல் நிறைத்த தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன்மேல் பூசை வைக்கச் செய்தார். சுரூபங்கள் இல்லை. ஏழை எப்படிப் பிறப்பான் என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்ட ஒருவரின் விளையாட்டு அது. அதை விளையாட்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், வீடுகளிலும் பொது இடங்களிலும் குடில் வைக்கும் வழக்கத்தை ஊக்குவித்துத் தனி மடலே எழுதினார்.

நம் பக்கத்துக் குடிலில் கேழ்வரகும் கடுகும் முக்கியம். டிசம்பர் இரண்டாம் வாரம் பிள்ளைகள் தட்டில் மண் பரப்பி விதைத்துத் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். இருபத்துநாலாம் தேதிக்குப் பச்சைப்பசேல் என்று புல்வெளி தயாராகிவிடும். முளைப்பாரி பார்த்து வளர்ந்த ஊருக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆற்று மணல், வைக்கோல், பழுப்புத்தாளைக் கசக்கிச் செய்த மலை, கண்ணாடித் துண்டில் குளம், அந்தக் குளத்தில் பிளாஸ்டிக் வாத்து, போன வருஷப் பொம்மைக் காரில் ஒன்று, எப்படியோ வந்துவிட்ட ஒரு டைனோசர். சிறுவர்கள் கைவைத்த குடிலில் பெத்லகேமும் வில்லியனூர்ச் சந்தையும் கலந்தே இருக்கும். சுத்தமான குடிலை விரும்புகிற அத்தைகளுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

இதில் விசுவாசத்தைத் தாங்கி நிற்கும் வழக்கம் ஒன்று உண்டு. மாதா, சூசையப்பர், இடையர், ஆடுமாடு எல்லாம் முன்பே வந்து நின்றுவிடும். தீவனத் தொட்டி மட்டும் காலியாக இருக்கும். பாலன் சுரூபம் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கும். சாமப்பூசை முடிந்து வந்தபிறகே வைப்பார்கள். கோவிலில் குருவானவர் பாலனைக் கையிலேந்திக் குடிலுக்குக் கொண்டுபோவதும் அந்த நேரத்தில்தான். ஒரே குருவானவர் பல ஊர்களைக் கவனிக்கிற இடங்களில் சாமப்பூசை முன்னிரவிலேயே முடிந்துவிடும். இருந்தாலும் வரிசை மாறாது. ராஜாக்கள் மூவர் குடிலுக்கு வெளியே தூரத்தில் நின்று, நாளுக்கு நாள் நகர்ந்து, ஜனவரி 6 வாக்கில் வந்துசேர வேண்டும். "இன்னும் பாலன் வரலையா?" என்று பிள்ளை தினமும் கேட்கும் அந்தக் காத்திருப்புதான் திருவருகைக் காலம். மறையுரையில் நான்கு ஞாயிறு சொல்லியும் விளங்காதது ஒரு காலித் தொட்டியில் விளங்கிவிடுகிறது. கடையில் ஒரே அச்சில் வார்த்து, பாலனும் சேர்ந்தே ஒட்டிய குடில் கிடைக்கிறது. வாங்கவேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும்.

இனி அந்தப் பழைய வழக்கு. 1703 நவம்பரில் திருத்தந்தை பதினோராம் கிளமென்ட்டின் தூதராகத் துர்னோன் என்பவர் புதுச்சேரியில் வந்திறங்கினார். சீனாவுக்குப் போகும் வழி. எட்டு மாதம் இங்கே தங்கினார். உடல்நலம் இல்லாததால் உள்நாட்டு மறைப்பணித் தலங்களைப் பார்க்கவில்லை. சேசுசபையாரை விசாரித்துத் தெரிந்துகொண்டதை வைத்து 1704 ஜூன் 23 தேதியிட்ட ஆணையொன்றை எழுதி, ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் வெளியிட்டார். மதுரையில் ராபர்ட் தெ நோபிலி காலம் முதல் நடந்துவந்த பல வழக்கங்கள் அதில் தடைபட்டன. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது, பெண் பெரியவளானால் செய்யும் சடங்கு, சாணச் சாம்பல் பூசிக்கொள்வது, கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோவில் திருவிழாவில் வாசிப்பது என்று பட்டியல் நீளும். நெற்றியில் சந்தனமும் குடுமியும் பூணூலும் ஊர்வழக்கம் மட்டுமே என்று வாதாடி 1623-இல் நோபிலி தரப்பு ரோமில் வென்றிருந்தது. அந்த வாதத்தின் மறுவிசாரணை போல ஆகிவிட்டது புதுச்சேரியில் நடந்தது. நாற்பது ஆண்டு இழுத்து, 1744-இல் பதினாலாம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். மலபார்ச் சடங்குகள் என்று பெயர்பெற்ற இவற்றுக்கு எதிராக, இந்தியாவுக்கு வரும் மறைப்பணியாளர்கள் செய்யவேண்டியிருந்த சத்தியப்பிரமாணத்தை ரோம் நீக்கியது 1940-இல்.

பட்டியலை இன்று படித்தால் இரண்டு விஷயம் கண்ணில் படும். தடைசெய்ததில் பாதிக்கு மேல் இன்று யாரையும் உறுத்தாது. பிள்ளையாருக்குப் பதில் சிலுவை பொறித்த தாலி கட்டிக்கொண்டோம். மஞ்சள்நீர்ச் சடங்கு பல கிறிஸ்தவ வீடுகளில் மைக் செட்டோடு நடக்கிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஆவணம் அந்தந்த மக்களின் மரபுகளுக்குக் கதவைத் திறந்தது. 1969-இல் இந்தியத் திருப்பலியில் ஆரத்தி, ஊதுவத்தி, கைகூப்பி வணங்குதல் எல்லாம் அனுமதி பெற்றன. அதற்கு உழைத்தவர்களில் முன்னணியில் நின்ற அமலோற்பவதாஸ் அடிகளார் (1932–1990) கல்லேரியில் பிறந்த, நம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டக் குருவே. வில்லியனூர் மாதா கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1877-இல் பிரான்சிலிருந்து லூர்து மாதா சுரூபம் வந்த கோவில். எதிரே படிக்கட்டோடு குளம், பாஸ்கா முடிந்ததும் கொடியேற்றம், பெரிய தேர். கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது விஷயம் அவ்வளவு இனிமையானதல்ல. துர்னோனின் ஆணையில் ஒரு விதி, நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க மறுக்கக்கூடாது என்கிறது. தாலிக்கும் சந்தனத்துக்கும் ஊர்வழக்கம் என்று வாதாடியவர்கள் இதற்கும் ஊர்வழக்கம் என்றே வாதாடினார்கள். உள்ளே போனால் மேல்சாதியார் கோவிலுக்கு வரமாட்டார்கள் என்றார்கள். கடைசியில் கண்டுபிடித்த சமரசம் பறையருக்கென்று தனியாகக் குருக்களை ஏற்படுத்துவது. 'வெறும் வழக்கம்தானே' என்ற சாக்குப்பைக்குள் பூவும் போகும், சுவரும் போகும். வெளியிலிருந்து வந்தவர் பூவையும் சேர்த்துத் தடுத்தார். உள்ளூர்ப் பழக்கம் தெரிந்தவர் சுவரையும் சேர்த்துக் காப்பாற்றினார்.

சுவர் என்று சொன்னது உவமையல்ல. புதுச்சேரி சம்பா கோவிலில் வடபுறத்தில் பறையர் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்கச் சுவர் இருந்தது. அவர்கள் எதிர்த்துக் கேட்டதால் 1745-இல் அது இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. நகையும் மெல்லிய சேலையுமாகக் கோவிலுக்கு வந்த மேல்சாதிப் பெண்ணைக் குருவானவர் கண்டித்ததும், அதனால் எழுந்த கூச்சலும் அதே பதிவில் வருகிறது. அதே ஆண்டு, பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாசியும் கிறிஸ்தவருமான கனகராய முதலி, இறந்துபோன மகன் நினைவாக உழவர்கரையில் கட்டிய கோவிலுக்கு ஊர்கூட்டி விருந்து வைத்தார். பிராமணருக்குப் பிராமணச் சமையல், வேளாளருக்குத் தனி, ஐரோப்பியருக்குப் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த சாப்பாடும் மேசையும். ஆளுநர் துய்ப்ளேயும் மனைவியும் வந்து உண்டு மாலைவரை இருந்துவிட்டுப் போனார்கள். எல்லாரையும் அழைத்த விருந்து என்று பார்த்தால் பெருமை. யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் கோவில் விருந்துக்குள் ஊர் அப்படியே இருந்தது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலின் சாதிச் சுவர் 1910-இல்தான் விழுந்தது. இவ்வளவு பழங்கதை எதற்கு என்று கேட்பவர்கள் எறையூரை நினைத்துக்கொள்ளலாம். நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராட, 2008 மார்ச் 9 அன்று கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அங்கே நெடுங்காலமாக இருந்த மனக்குறைகளில் ஒன்று, தலித்துகளின் ஊர்வலமும் சவப்பாடையும் பெரிய கோவில் தெரு வழியே போகமுடியாது என்பது.

இதை வைத்துத்தான் கேரல் பவனியை நான் பார்க்கிறேன். தாத்தா முகமூடி கிறிஸ்துவின் இடத்தைத் திருடுகிறதா என்று நீண்டநேரம் பேசும் கூட்டத்தில், பவனி எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் திரும்புகிறது என்பது பேச்சில்லாமலே முடிவாகிவிடுகிறது. நம் கிராமங்கள் பல ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகக் கிடப்பவை. பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் வாரியாகப் போகிறோம் என்பார்கள். அன்பியம் தெரு வாரியானது, தெரு சாதி வாரியானது. டிரம் அடிக்கிற பையன்கள் ஒரு தெருவிலிருந்து வந்து, காபி குடிப்பது வேறொரு தெருவின் திண்ணைக்கு வெளியே என்றால், பாடிய பாட்டு முழுக்க வேதவசனமாக இருந்தும் பயனில்லை. தாத்தாவே இல்லாத, தேவபக்தி நிறைந்த, ஒரு தெருவை மட்டும் சுற்றும் பவனியைவிட, தலையணை வயிற்றோடு எல்லா வாசலிலும் ஆடும் தாத்தா நற்செய்திக்கு எவ்வளவோ நெருக்கம். இடையர்கள் அன்றைய பெத்லகேமில் எந்தத் தெருக்காரர்கள் என்று மறையுரையில் ஆண்டுதோறும் கேட்கிறோம்.

வேடிக்கையால் விசுவாசம் கெடும் என்று பயப்படுகிறவர்களுக்குத் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்திலேயே பதில் இருக்கிறது. சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கித் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவையும் மட்டிச் சீடர்களையும் வைத்துச் சிரிப்புக்கதை எழுதினார். ஒரு குருவானவர் குருமாரைக் கேலிசெய்யும் கதை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சிற்றின்பச் சாயல் மிகுந்த குறவஞ்சி நாடகத்தை எடுத்துக்கொண்டு 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். சிங்கனும் சிங்கியும் குறிசொல்லுதலும் அப்படியே இருக்க, குறிப்பொருள் மட்டும் கிறிஸ்துவாயிற்று. அதே சாஸ்திரியார் 1820களில், விழாக்களில் பூ வைப்பதையும் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதையும் தடுத்த புதிய மிஷனரிமாரைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். எல்லாச் சாதியாரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணைப் பானம் அருந்தவேண்டும் என்ற கட்டளையையும் அதே மூச்சில் எதிர்த்தார். பூவுக்காக அவரைக் கொண்டாடுகிறவர்கள் பாத்திரத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சம்பா அறுவடை தை பிறந்தபின். கிறிஸ்துமஸ் வருவது கையில் காசில்லாத மார்கழியில், மழை வேலையையும் கெடுத்துவிட்டுப் போன பின்னால். குடும்பத்தோடு புதுத்துணி, பிரியாணி, எல்.இ.டி. நட்சத்திரம், பேக்கரி கேக் என்று கணக்குப் போட்டால் சுய உதவிக் குழுக் கடனோ வட்டிக்காரரோ வேண்டியிருக்கிறது. மூன்று வாரத்தில் பொங்கலும் வந்து நிற்கும். முன்பு மூங்கில் குச்சி, கலர் பேப்பர், மைதாப் பசையோடு அப்பாவும் பிள்ளைகளும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து நட்சத்திரம் கட்டினார்கள். ஒரு கால் கோணலாகத்தான் இருக்கும். அதிரசமும் முறுக்கும் அச்சுமுறுக்கும் கல்கலாவும் சுட அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய திராட்சையும் சேரும் புதுச்சேரியின் விவிக்கம் கேக்கைத் தெரிந்த வீடுகள் திராட்சையைப் பல நாள் முன்பே ஊறப்போட்டன. அந்த வேலையிலும் காத்திருப்பு இருந்தது, கூட்டம் இருந்தது. எல்லாமே அன்று தூய்மை, இன்று வியாபாரம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்களின் இடுப்புவலியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வீட்டில் செய்தபோது விளையாட்டுக்குச் செலவானது நேரம். இப்போது காசு. நேரம் இல்லாத வீடு எதுவும் இல்லை, காசு இல்லாத வீடு தெருவுக்கு நாலு இருக்கிறது. பவனி வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்திவைக்கும் வீடுகளில் சில, நன்கொடைத் தட்டுக்குப் பயந்து சாத்தியவை.

அப்பாவோ அம்மாவோ, "சாமி, வீட்ல என்னதான் செய்றது?" என்று பங்குத்தந்தையைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், அளவோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பது. அளவு என்பது நல்ல வார்த்தை, எதையும் தீர்க்காது. நான் கேட்கச் சொல்வது இரண்டு. இது விளையாட்டு என்று ஆடுகிறவருக்கும் பார்க்கிற பிள்ளைக்கும் சேர்த்தே தெரிகிறதா? தெரிந்தால் தாத்தா வரட்டும், மரம் நிற்கட்டும், குடிலில் டைனோசரும் மேயட்டும். அடுத்தது, இந்த விளையாட்டில் சேரமுடியாமல் யார் வெளியே நிற்கிறார்கள்? துணி இல்லாத பிள்ளையா, காலனித் தெருவா, கொண்டாடாத சபையைச் சேர்ந்த சித்தப்பாவா, பலகாரத் தட்டை எதிர்பார்க்கும் இந்து அக்காவா? முதல் கேள்விக்கு வீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவதற்குக் கூட்டம் போட வேண்டும். பவனிக்குப் பாதை போடும் கூட்டம் நவம்பர் கடைசியில், அன்பியத்துக்கு இரண்டு பேர் வந்து, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். போன வருஷத் தாளையே எடுத்து, அதே வரிசைக்குத் தேதி மட்டும் மாற்றி எழுதுவார்கள். கேட்பவர்கள் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. பவனி புறப்பட்ட பிறகு டிரம் சத்தத்தில் யாருக்கும் எதுவும் காதில் விழாது.